கண்ணுக் கிளினிக்

சுப்பம்மாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கொழுந்து மலையில் நின்றபடியே, எதிர்மலையில் கூடை சுமந்து போகிறவள் யார் என்று நடையைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். சுளகில் கிடக்கும் அரிசியில் கல் எங்கே இருக்கிறது என்று குனியாமலே கண்டுபிடிப்பாள். அப்பேர்ப்பட்ட கண்ணுக்குத்தான், ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ் வரிசை வீடுகளான பணிய லயம் முழுவதும் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தது.

"முருங்கக்கீரய நல்லெண்ணெய்ல வதக்கிக் குடு புள்ள. எங்க மாமியாருக்கு அப்படித்தான் பளிச்சுனு ஆச்சு" என்றாள் பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா, பீலிக் குழாய்த் தண்ணீரில் குடத்தை வைத்துவிட்டு.

"ஒங்க மாமியாரு கண்ணு தெரியாமத்தானேக்கா செத்தாங்க?" என்றாள் சுப்பம்மாவின் மகள் கலாராணி.

"அது வேற கண்ணு, தாயி."

பீலியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கலாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தத் தோட்டத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போன முதல் பெண். இப்போது பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாயைத் திறந்தால் வெட்டிவிடுவாள் என்று பெயர் வாங்கியவள். அந்த வாயை இப்போது கடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கண்ணில் கோளாறு என்று லயத்துக்குச் சொன்னதே அவள்தான்.

அம்மாவுக்கு என்ன குறை என்பது யாருக்கும் தெரியவில்லை. பொங்கல் முடிந்த பனிக்காலத்தில் முதலில் பேச்சுக் குறைந்தது. பிறகு வெற்றிலை போடுவதை விட்டாள். இழவு வீட்டில்கூட மடியில் வெற்றிலைப்பை இல்லாமல் உட்காராதவள், ஒருநாள் அந்தப் பையை அவிழ்த்து வெள்ளையம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு கொழுந்து குறைந்தது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப் பேர். எடுக்காவிட்டால் அரைப் பேர். மழையில் நனைந்து, அட்டைக் கடியில் இரத்தம் வடிந்து, விடிந்ததிலிருந்து மலையில் நின்றிருந்தாலும் தராசு ஒத்துக்கொள்ளாவிட்டால் நீ பாதி ஆள். சின்ன வயதிலிருந்து முழுப் பேர்காரியாக இருந்த சுப்பம்மா, அந்தப் பனிக்காலத்தில் அரைப் பேர்காரி ஆனாள். கொழுந்துக்குக் கை நீளும், பாதியில் நிற்கும். கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பைச் செடிமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னாள். தோட்டத்து மருந்துக்காரர் பனடோல் கொடுத்தார். கீழே ஆஸ்பத்திரியில் நெஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் படுக்கவைத்து வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். "பபுவ ஹொந்தாய்" என்றார்கள். நெஞ்சு நல்லாத்தான் இருக்கிறதாம். வெள்ளை நிறத்தில் காஸ்ட்ரிக் மருந்து ஒரு போத்தல் கிடைத்தது. அப்பா மூக்கையா சந்தோஷத்தில் எல்லாருக்கும் மீன் வைத்த மாலுபணிஸ் வாங்கினார். அம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு லயம்வரைக்கும் வந்தாள்.

அடுத்தது கோடாங்கி. பாறைக்கட்டு முனி பார்த்துவிட்டது என்றான். சேவல் கேட்டான். உடுக்கைச் சத்தத்தில் பிள்ளைகள் அழுதன. சேவல் செத்தது. அம்மா அப்படியே இருந்தாள்.

இதெல்லாம் இப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஒருநாள் காலையில் பேர் பதிகிற பிரட்டுக் களத்தில் கங்காணி கலாராணியைக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒங்க அம்மாவுக்குக் காது கேக்கலியா?"

"ஏன் கங்காணி?"

"நேத்து கொழுந்து நிறுக்கிற நேரம் ஆளக் காணோம். பாத்தா, பாறக்கட்டு ஓரத்துல போயி நிக்கிது. கீழ அதல பாதாளம். கத்திக் கூப்புடுறேன், திரும்பல. கிட்டப்போயிக் கையப் புடிச்சேன். என்னாம்மா செய்யிறேன்னு கேட்டா, சும்மா பாத்தேன் கங்காணிங்குது. காத ஒருக்காக் காட்டுங்க."

 அது காது அல்ல என்பது கலாராணிக்குத் தெரியும். பேராதனையில் அவளோடு விடுதியில் இருந்த ஒரு பிள்ளையும் அப்படித்தான் மாடிக் கைப்பிடியில் நின்று 'சும்மா' பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு அது மாத்தளையில் குடும்பம் நடத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ரவிகுமார் கண்டியிலிருந்து வந்திருந்தான். அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மூக்கையா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சுப்பம்மா சமைப்பதை விட்டதிலிருந்து அவர்தான் அடுப்பில். ரொட்டி ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் மாவாக இருக்கும். கேட்டால் ரெண்டும் சேர்ந்தா சரியாப் போயிரும் என்பார். அம்மா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அம்மாவ மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவணும்" என்றாள் கலாராணி.

ரவிகுமார் சம்பலைத் தொட்ட கையை அப்படியே நிறுத்தினான். "அங்கொடைக்கா? அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?"

"கண்டிக்கு. அங்கொடைக்குப் போறதுக்கு அம்மா என்னா..."

"எல்லாம் ஒன்னுதான். பேருதான் வேற. கடையில ஒருத்தன் கணக்கத் தப்பாப் போட்டாலே 'அங்கொடைக்கு பஸ் ஏத்தி விடவா'ன்னுதான் கேப்பானுங்க."

"ஒங்க கடையில பேசுறத வச்சா அம்மாவுக்கு மருந்து எடுக்கிறது?"

மூக்கையா ரொட்டியைத் திருப்பாமல் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, ஒங்க அம்மாவப் பைத்தியங்கிறியா? ஒன்னையப் படிக்க வச்சது இதுக்குத்தானா?"

"பைத்தியம்னு நீங்கதாப்பா சொல்றீங்க. நான் நோவுன்னு சொல்றேன்."

"என்னா நோவு? அவளுக்கு என்னா கொறை? மகன் கடையில, மக டீச்சரு. நான் குடிக்கிறதக்கூட விட்டுட்டேன்."

"பொங்கலுக்குக் குடிச்சீங்க."

"பொங்கல் பொங்கல்தானே."

ரவிகுமார் குரலைத் தாழ்த்தினான். "கலா, வெளங்காத மாதிரிப் பேசாத. பிரேமிளா வீட்டுல இப்பத்தான் பேச்சு ஒரு வழிக்கு வந்திருக்கு. மாமியார்காரி பைத்தியம்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா? நாளைக்கு ஒனக்கும் இதேதான். ரெண்டு மாசம் பொறு. கல்யாணம் முடியட்டும்."

"பாறக்கட்டு ஓரத்துல போயி நிக்கிறவங்ககிட்ட ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லவா?"

அடுப்பில் ரொட்டி கருகியது. யாரும் எடுக்கவில்லை. மூக்கையாதான் மெதுவாகச் சொன்னார். "லயத்துல கேட்டா, கங்காணி சொன்ன காது வேணாம். காதுன்னா கிட்ட வந்து கத்திப் பாப்பாளுக. கண்ணுன்னு சொல்லிருவோம்."

அப்படித்தான் அது கண்ணுக் கிளினிக் ஆனது. அண்ணன் பக்கம் பேசி அப்பாவையும், அப்பா பக்கம் பேசி அண்ணனையும் வளைத்து, கடைசியில் பொய்யை லயத்தில் சொல்கிற வேலையையும் கலாராணியே எடுத்துக்கொண்டாள். தோட்டத்தின் முதல் பட்டதாரி சொன்னால் நம்புவார்கள். நம்பினார்கள்.

அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "வாங்கம்மா போறோம்" என்றதும் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

முதல் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு சாய்ந்து இறங்கினார்கள். தெல்தெனியவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள், திகனவில் ஆபீஸ்காரர்கள் ஏறினார்கள். சுப்பம்மா சன்னல் பக்கம் உட்கார்ந்து ஒன்றையும் பார்க்காமல் வந்தாள். கண்டியில் ரவிகுமார் காத்துக்கொண்டிருந்தான். அரை நாள் லீவு. கடையில் அவனும் அம்மாவுக்குக் கண் என்றுதான் சொல்லியிருந்தான். கலாராணியின் சிங்களம் தேத்தண்ணிக் கடையோடு முடிந்துபோகும். தோட்டப் பள்ளிக்கூடத்திலும் தமிழ், பேராதனையிலும் தமிழ். மருந்து எழுதுகிற இடத்தில் மட்டும் சிங்களம். எவ்வளவு படித்தாலும் அந்தக் கதவுக்கு முன்னால் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். அந்த நினைப்பிலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளினிக் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்தது. முன்பக்கத்தில் கண், பல், குழந்தை என்று எல்லாவற்றுக்கும் மூன்று மொழியிலும் பலகை இருந்தது. இதற்கு ஒரு அம்புக்குறி மட்டும். தமிழ் தெரிந்த அற்றண்டன்ட் ஒருத்தர் இருந்தாராம், மாற்றலாகிப் போய்விட்டாராம். ரவிகுமார் நம்பர் எடுக்கப் போனான்.

காத்திருக்கிற வாங்குப் பலகையில் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பொம்பிளை உட்கார்ந்திருந்தாள். கறுப்பு அபாயா, முகத்திரையைத் தலைக்கு மேலே தூக்கி விட்டிருந்தாள். சுப்பம்மாவின் காலில் இருந்த அட்டைத் தழும்புகளைப் பார்த்துவிட்டு மெல்லக் கதை கொடுத்தாள்.

"புள்ள எங்கீந்து வாற?"

"ஹுன்னஸ்கிரியப் பக்கம். நீங்க?"

"கலகெதர. மஸாஹிரா எனக்கி பேரு. இது உம்மாவா? மொத தரமா?"

"ஆமாங்க."

"பயப்பட வாணாம். நல்ல டொக்டர், சின்னப் பொடியன். நான் ரெண்டு வருஷமா வாறேன். இப்ப ஒழும்பி சமைக்கிறேன், கதைக்கிறேன். முந்தி ஏலா." சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாள். "ஊட்டுல தெரியா. சுகர் கிளினிக்குண்டு செல்லித்தான் வாற."

"நாங்க கண்ணுன்னு சொல்லியிருக்கோம்."

மஸாஹிரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கண்ணு நல்லம் புள்ள. கண்ணுண்டா திங்கலாம். நான் சுகருண்டு செல்லிப் போட்டு மாட்டிக்கொண்டேன். ரெண்டு வருஷமா எனக்கி ஒருத்தரும் தேத்தண்ணிக்கி சீனி போடுறல்ல. கலியாண ஊட்டுல வட்டிலாப்பம் வெச்சா, மச்சிமார் ஓடி வந்து என்ட முன்னுக்கு ஈக்கிற பீங்கான எடுத்துக்கொண்டு போறாங்க. எனக்கி சுகரும் இல்ல, ஒண்டும் இல்ல."

சுப்பம்மா தலையைத் திருப்பினாள். "யாருமில்லாத எடத்துல கொஞ்சம் சாப்புட்டுக்குங்கம்மா" என்றாள்.

அன்றைக்கு அவளாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். கலாராணிக்கு மூச்சு வந்தது. அந்த வாங்கில் வைத்தே பாதி நோய் போய்விடும் போல ஒரு நம்பிக்கை வந்தது.

"சிங்களம் தெரியுமா புள்ளைக்கி? ஏலாட்டி எனக்கி செல்லுங்க, நான் உள்ளுக்கு வந்து கதச்சுத் தாறேன். எத அப்பிடியே செல்லணுமெண்டு எனக்கித் தெரியும்."

"அண்ணன் வந்திருக்காங்க. அந்தா வர்றாங்க பாருங்க. டவுன்ல ஷிராஸ் முதலாளியோட ஹார்ட்வெயார்ல வேலை."

மஸாஹிராவின் முகம் அப்படியே நின்றுபோனது. "ஷிராஸ் என்ட மாப்புளட தம்பி" என்றாள். புருஷனின் தம்பி. சத்தமே வரவில்லை. "எனக்கி கட்டிக் குடுக்க ரெண்டு கொமரு ஈக்கி, புள்ள." அவ்வளவுதான். முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, எழும்பிப் போய்க் கடைசி வாங்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இப்போது அவள் யாராகவும் இருக்கலாம்.

டொக்டர் சின்ன வயதுதான். அம்மாவைக் கண்டதும் கதிரையை அவரே இழுத்துப் போட்டார். "வாங்க அம்மா, இருங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழைச் சொல்லிவிட்டு, சிங்களத்துக்கு மாறினார். ரவிகுமார் நடுவில் நின்றான்.

சாப்பாடு எப்படி? குறைவு. தூக்கம்? இல்லை. வேலை? போறாங்க, முடியல. டொக்டர் கேட்பதும் ரவிகுமார் தமிழில் சொல்வதும் அம்மா தலையாட்டுவதும் ஒழுங்காகத்தான் போனது. பிறகு டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அம்மே, மெரென்ன ஹிதெனவத?"

கலாராணிக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் அந்த முதல் சொல்லைத் தெரியாதவர்கள் இந்த நாட்டில் இல்லை. சாகத் தோன்றுகிறதா என்று கேட்கிறார். நேராகக் கேட்டுவிட்டார். மூன்று மாதமாக அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்காததை, பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு பையன் கேட்டுவிட்டான்.

ரவிகுமார் அம்மாவின் பக்கம் திரும்பினான். "அம்மா, ஒடம்பு அசதியா இருக்கான்னு கேக்குறாரு."

"இல்லப்பா" என்றாள் அம்மா. மகன் கவலைப்படக்கூடாது என்றால் அவளுக்கு எப்போதும் அசதி இருக்காது.

"நே டொக்டர்" என்றான் ரவிகுமார். இல்லையாம்.

டொக்டர் பேனாவை எடுத்தார்.

"அண்ணே, அவரு அதக் கேக்கல."

"வாய மூடு."

"அவரு கேட்டத அப்புடியே கேளு."

"பெத்த தாய்கிட்ட அத எப்படிடி கேப்பேன்?" பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான், அவன் கண் கலங்கியிருந்தது. "என் வாயால வருமா? ஒனக்கு வந்தா நீ கேளு. பெரிய படிப்புப் படிச்சவதானே, கேளேன்!"

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொகத ப்ரஷ்னே?" என்ன பிரச்சினை என்கிறார். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, மேசையில் இருந்த காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலாராணி வாயைத் திறந்தாள். தொரையிடம் போய் லயத்துக் கூரைத் தகரத்துக்காகச் சண்டை பிடித்த வாய் அது. கோடாங்கியை முகத்துக்கு நேரே கள்ளன் என்று சொன்ன வாய். அந்தச் சொல் தொண்டைவரை வந்து நின்றது. அந்த லயத்தில் யாரும் வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள், 'வர்றேன்' என்பார்கள். நாக்கு அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. பிள்ளை தாயைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் அது கேள்வியாகப் போய்ச் சேராது, அழைப்பாகப் போய்ச் சேரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் தெரிந்திருந்தது. இதையெல்லாம் நம்பாதவள் என்றுதான் இத்தனை காலம் தன்னை நினைத்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று வெளியே ஓடினாள். கடைசி வாங்குக்கு.

"அக்கா, ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு வந்து கேட்டுத் தாங்க. எங்க வாயால வரமாட்டேங்குது."

கறுப்புத் துணி அசையவில்லை. அறைக்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நின்று ரவிகுமார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மஸாஹிராவும் அவனைப் பார்த்திருப்பாள்.

"அக்கா."

"மம தெமள தன்னே நே" என்றது துணி. எனக்குத் தமிழ் தெரியாது. சொல்லும்போது மடியில் இருந்த கை மற்றக் கையை அப்படி நெரித்துக்கொண்டிருந்தது.

கலாராணி திரும்பி வந்தபோது அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நித்திரைக்குக் கொஞ்சம் மாத்திரை. விட்டமின். அடுத்த மாதம் வரவேண்டும். டொக்டர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இல்லை என்று பதில் சொல்லியாயிற்றே.

குட்செட் பஸ் நிலையத்துக்கு வந்ததும் ரவிகுமாருக்கு இன்னொரு யோசனை வந்தது. "கண்ணுக் கிளினிக்குக்குப் போயிட்டு வெறுங்கையோட போனா என்னா நெனப்பாங்க?" நடைபாதையில் சாக்கு விரித்துக் கண்ணாடி விற்கிறவனிடம் ஒன்றை எடுத்து அம்மாவின் மூக்கில் மாட்டினான். கறுப்புச் சட்டம். தூரத்தில் இருப்பதையெல்லாம் கலைத்து விடுகிற கண்ணாடி.

"எப்புடிம்மா?"

"நல்லாருக்குப்பா."

"தெரியுதா?"

"ம்."

 பஸ்ஸில் அம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றவேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவும் இல்லை போலிருந்தது.

லயத்தில் கண்ணாடிக்கு ஏக வரவேற்பு. வெள்ளையம்மா வாங்கிப் போட்டுப் பார்த்து, "ஆத்தாடி, ஒலகமே சுத்துது! பவர் கூட, அதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். "டொக்டரம்மா கணக்கா இருக்கீங்க மதினி. தொரையே சலாம் போடுவாரு." சுப்பம்மா சிரித்தாள். யார் வந்தாலும் சிரிக்கவேண்டும் என்பதை அவள் மறக்கவில்லை.

மாத்திரைகளை மூக்கையா பழைய மைலோ டின்னில் போட்டு அரிசிச் சாக்குக்குள் வைத்தார். கண்ணுக்கு எதற்கு விழுங்குகிற மாத்திரை என்று யாராவது கேட்டால்? அதைப் போட்டால் அம்மா விடிந்தும் எழும்பமாட்டாள். பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு அரைப் பேரும் இல்லை. ஒருநாள் கொடுத்தார், ஒருநாள் விட்டார். பிறகு கொடுக்கவே இல்லை. அதை மறைக்கவும் இல்லை. "தூங்குறவளப் பாத்தா எனக்கு பயமா இருக்குத் தாயி. மூச்சு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறேன்" என்றார். இந்த மனிதனை எந்த இடத்தில் பிடித்துத் திட்டுவது என்று கலாராணிக்குத் தெரியவில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள் சுப்பம்மா. தடத்தில் கால் தடுக்கியது. கொழுந்தோடு முற்றிய கரட்டு இலையும் சேர்ந்து வந்தது. "கழட்டி வச்சிட்டு எடும்மா" என்று கங்காணியே சொன்னார். "இருக்கட்டுங்க, மகன் வாங்கிக் குடுத்தது" என்றாளாம். அவளைப் பாறைக்கட்டுப் பக்கத்து வரிசையில் போடவேண்டாம் என்று கலாராணி கேட்டாள். கண்ணு சரியில்லாத ஆள்தானே என்று கங்காணியும் ஒத்துக்கொண்டார். அந்தப் பொய்யினால் நடந்த நல்லது அது ஒன்றுதான். வரிசை எப்படியும் ஒருநாள் மாறும்.

பிரேமிளா வீட்டார் வருகிற ஞாயிறு மழையோடு விடிந்தது. மூக்கையா கதிரை இரவல் வாங்கி வரிசையாகப் போட்டார். ரவிகுமார் புதுச் சட்டையில் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். பின்னால் புகை மண்டிய குசினியில் சுப்பம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவள் அடுப்பில் உட்கார்ந்து எவ்வளவோ நாளாயிற்று. விருந்தாளிக்குத் தேத்தண்ணி தன் கையால்தான் போடவேண்டும் என்று அவளே வந்து உட்கார்ந்தாள். கலாராணி கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை இரைந்தது. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் பேச்சுக் கேட்கும்.

அந்த இரைச்சல்தான் அவளுக்குத் தைரியம் கொடுத்திருக்கவேண்டும்.

"அம்மா, அன்னைக்கு டொக்டரு அசதியா இருக்கான்னு கேக்கல."

சுப்பம்மா கொள்ளியைத் தள்ளி வைத்தாள். "வேற என்னா கேட்டாரு?"

கலாராணி கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "செத்துப்போவணும்னு தோணுதான்னு கேட்டாரும்மா."

சொல்லிவிட்டாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு மகளை நேராகப் பார்த்தாள்.

"அந்தத் தம்பியா? அந்தத் தம்பியா கேட்டுச்சு?"

"ஆமாம்மா."

"என்னையப் பாத்தா கேட்டுச்சு?" அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. யாரோ ஒரு பெரிய சாமானைத் தனக்கென்று கொண்டுவந்து, கொடுக்காமல் திருப்பி எடுத்துப்போன மாதிரி முகம். "அப்பவே சொல்லிருக்கலாமேடி. நான் சொல்லிருப்பேனே. ஒங்ககிட்டதான் சொல்ல முடியல. அந்தத் தம்பிகிட்ட சொல்லிருப்பேன்."

"தோணுதாம்மா?"

தண்ணீர் கொதித்துத் தளும்பியது. சுப்பம்மா சேலைத் தலைப்பால் பிடித்து இறக்கினாள். பதற்றம் ஒன்றும் இல்லை. கொழுந்து எவ்வளவு என்று கேட்டால் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"வெடிஞ்சா மொதல்ல அதுதான்."

முன்வாசலில் குடை மடக்கும் சத்தம். "வாங்க, வாங்க! மழையில நனஞ்சிட்டீங்களே!" என்று மூக்கையா கூவினார். செருப்புகள், சிரிப்புகள், தட்டு வைக்கிற ஓசை.

கலாராணி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு மொத பஸ்ஸுல போறோம். நான் கேக்குறேன், நான் சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சொல்றேன்." நாளைக்கு அந்தக் கிளினிக் நாள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு எந்த டொக்டர் இருப்பார், யார் நடுவில் நிற்பார், ஒன்றும் தெரியாது. இன்றைக்கும், இந்த மழையிலும், இந்த வீட்டிலும் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியாது. பதில் இப்போது அவள் கையில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை.

"கலா, தேத்தண்ணி!" அண்ணன் திரைச்சீலையை விலக்கி, கெஞ்சுகிற கண்ணோடு பார்த்தான். "அம்மா, கண்ணாடி. கண்ணாடியப் போட்டுக்குங்க."

சுப்பம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கண்ணாடியை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். கலாராணி அவள் முதுகோடு ஒட்டி நடந்தாள்.

"இதுதான் எங்க அம்மா" என்றான் ரவிகுமார்.

பிரேமிளாவின் அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். நல்ல மாதிரி மனுஷி, முகத்திலேயே தெரிந்தது. "ஒக்காருங்க சம்பந்தி, நீங்க ஏன் செரமப்படுறீங்க. கண்ணுக்குப் பாத்தீங்களாமே? இப்ப எப்புடி இருக்கு?"

"தெளிவாத் தெரியுதுங்க" என்றாள் சுப்பம்மா, சிரித்துக்கொண்டே. "எல்லாம் தெளிவாத் தெரியுது."

கோப்பையை மேசையில் வைத்தாள். மேசை ஒரு சாண் தள்ளி இருந்தது.

கோப்பை விழுந்து உடைந்தது. சுடுதேத்தண்ணி எல்லார் காலுக்கும் ஓடியது.  பிறகு பிரேமிளாவின் அம்மாதான் முதலில் சிரித்தாள். "புதுக் கண்ணாடிதானே. பழகிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். மூக்கையா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கலாராணி தரையில் குந்தி உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். ஒன்றுகூடத் தப்பக்கூடாது என்று கதிரைகளுக்கு அடியிலும் கையை விட்டுத் துழாவினாள்.